1,140 வெள்ளி, ஆறு மாதம், ஒரு வால்வு டிவி

பழுதுபார்த்த செலவு மொத்தம் 1,140 மலேசிய வெள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐம்பத்தைந்து வயதான கறுப்பு வெள்ளைப் பெட்டிக்கு இவ்வளவு பணமா என்று தலையில் அடித்துக்கொள்கிறவர்கள் மேற்கொண்டு படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். என் மருமகன் அடித்துக்கொண்டார். போன வாரம் அதே மருமகன் நாற்காலியை அதன் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு தமிழ்ச் செய்தி பார்த்தார் என்பது வேறு கதை.

பினாங்கில் வால்வு டிவியைப் பழுதுபார்க்கிறவர் இன்னும் யாராவது இருக்கிறாரா என்று நான்கைந்து பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். இருக்கிறார், ஆயர் ஈத்தாமில். மாஸ்டர் என்றே அவரைச் சொல்கிறேன். யார் அவரிடம் போகலாம், யார் போகவே கூடாது என்பதை ஒருமுறை எழுதிவைத்துவிட்டால் தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்காது.

பெட்டி, அப்பா 1970-இல் தவணைக்கு வாங்கியது. ஐரோப்பியத் தயாரிப்பு. 23 அங்குலத் திரை, தேக்குத் தோல் ஒட்டிய மரக்கூடு, கழற்றி மாட்டும் நான்கு கால்கள், உள்ளே, டிரான்சிஸ்டருக்கு முந்தைய காலத்துக் கண்ணாடிக் குழாய்களான வால்வுகள் பதினான்கு. நானும் மலேசியத் தொலைக்காட்சியும் ஒரே ஆண்டுப் பிறப்பு. அது 1963 டிசம்பர் 28-இல் கோலாலம்பூரில் தொடங்கியது. நான் இரண்டு மாதம் மூத்தவள். ஜெலுத்தோங் வீட்டுக் கூரையில் அப்பா இரும்புக் குழாய் நட்டு, ஒளிபரப்புக் கோபுரம் நின்ற குனோங் ஜெராய் மலையின் திசை பார்த்து ஆன்டெனாவைக் கட்டியிருந்தார். காற்றடித்தால் அண்ணன் கூரையில், நான் வாசலில், அம்மா பெட்டியின் முன்னால். "வந்துவிட்டது", "போய்விட்டது" என்று அம்மா சொல்வதை நான் வாங்கி மேலே வீசுவேன். அண்ணன் காதுக்கு அது போய்ச் சேர்வதற்குள் படம் மறுபடி போயிருக்கும்.

1975-இல் கோலாலம்பூரில் உலகக் கிண்ண ஹாக்கி நடந்தது. அரையிறுதியில் மலேசியாவும் இந்தியாவும். எங்கள் கூடத்தில் முப்பது பேர். செருப்புகள் வாசலைத் தாண்டி அஞ்சடி நடைபாதை வரை கிடந்தன. தாத்தா இந்தியாவின் பக்கம், அப்பா மலேசியாவின் பக்கம், அம்மா தேநீர் கலக்கும் பக்கம். இந்தியா 3-2 என்று வென்றதும் தாத்தா கைதட்டினார். அப்பா எழுந்துபோய்ப் பெட்டியை அணைத்தார். வால்வு டிவியை அணைத்தால் படம் சட்டென்று போய்விடாது. திரையின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாகச் சுருங்கிக் கொஞ்ச நேரம் நிற்கும். முப்பது பேரும் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அது மறைந்த பிறகுதான் கூட்டம் கலைந்தது.

1978 இறுதியில் வண்ண ஒளிபரப்பு வந்தது. எங்கள் வீட்டுக்கு வண்ணப் பெட்டி வர மேலும் ஐந்து ஆண்டுகள் ஆயின. அது வந்ததும் பழையது மேசையாகிவிட்டது. அதன் தலையில் புதுப்பெட்டி, பிறகு பிளாஸ்டிக் பூச்சாடி, பிறகு அம்மாவின் தையல் கூடை. அம்மா போனபின் குளுகோரில் என் வீட்டுச் சாமான் அறைக்கு வந்தது.

முதலில் கொண்டுபோன கடைக்கு இரண்டு வரி போதும். பெயரை எழுத மாட்டேன். பார்ப்பதற்கு மட்டும் 80 வெள்ளி வாங்கினார்கள், உதிரிப்பாகம் கிடைக்காது என்றார்கள், உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு எல்இடி திரை பொருத்தித் தருவதாகச் சொன்னார்கள். பெட்டி திரும்பி வந்தபோது ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழைக் காணவில்லை. கேட்டதற்கு, அது முதலிலேயே இல்லை என்றார்கள். என் அப்பா பத்தாண்டு திருகிய குமிழ்.

மாஸ்டர் இருக்கும் இடத்தை எனக்குக் காட்டியது லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தை. ஒரு காலைப்பொழுதில் பழைய கடிகாரங்களுக்கும் துருப்பிடித்த இஸ்திரிப் பெட்டிகளுக்கும் நடுவே, பால் டின்னில் வால்வுகளைக் குத்திவைத்து விற்றுக்கொண்டிருந்த சீனப் பெரியவரிடம் குமிழ் கிடைக்குமா என்று கேட்டேன். குமிழ் இல்லை, ஆனால் ஆள் இருக்கிறார் என்று அட்டைத்துண்டில் ஓர் எண்ணை எழுதிக் கொடுத்தார். மாஸ்டர் தம் பெயரையும் எண்ணையும் எங்கும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்; கையில் இருக்கும் வேலையே முடியவில்லையாம். ஆகவே நீங்களும் லோரோங் கூலிட் வழியாகவே போங்கள். வால்வு விற்கிறவர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அவருக்கு எழுபத்துநான்கு வயது. பதினாறு வயதில் கேம்பல் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு சீனர் வானொலிக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, தவுக்கேயிடம், அதாவது கடை முதலாளியிடம், தொழில் கற்றவர். 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் திறந்ததும் ஊரிலிருந்த வானொலி மெக்கானிக்குகள் பலரைப் போல அவரும் தொழிற்சாலைக்குப் போய்விட்டார். ஓய்வுபெற்ற பிறகு மறுபடி வால்வுக்கு வந்திருக்கிறார். பேச்செல்லாம் தமிழ், கணக்குப் போடும்போது மட்டும் ஹொக்கியன் சீனத்தில் முணுமுணுக்கிறார். வீட்டின் பின்கட்டுதான் பட்டறை. பெயர்ப்பலகை, குளிர்சாதனம், உட்கார நாற்காலி மூன்றும் இல்லை.

முதல் நாள் பெட்டியை இறக்கியதும், "ஒருமுறை போட்டுத்தான் பாருங்களேன், விளக்காவது எரிகிறதா என்று" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்டில் போட்டுப் பார்த்தீர்களா?" இல்லை என்றேன். "நல்ல காலம்" என்றார். நாற்பது ஆண்டு மின்சாரம் பார்க்காத பெட்டிக்குள் திடீரென்று 240 வோல்ட்டை விட்டால், காய்ந்தும் ஈரம் குடித்தும் கெட்டுப்போன கண்டென்சர்கள் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பாகங்கள்) கசியும். கசிவு வால்வுக்குப் போகும். வால்வு அளவுக்கு மீறி இழுக்கும். கடைசியில், படத்துக்கு உயர் மின்னழுத்தம் தருகிற, உலகத்தில் எங்கு தேடினாலும் கிடைக்காத லைன் டிரான்ஸ்ஃபார்மர் எரியும். ஆசைக்காக ஒரு நிமிடம் போட்டுப் பார்த்தவர்களால்தான் பாதிப் பெட்டிகள் செத்தன என்பது அவர் கட்சி. இதைப் படிக்கிறவர்கள் வேறு எதையும் நினைவில் வைக்காவிட்டாலும் இதை வையுங்கள்: சாமான் அறையிலிருந்து எடுத்த பெட்டியைச் சுவர் மின்சாரத்தில் சொருகாதீர்கள்.

அடுத்து, குமிழ் இல்லாத அந்த இரும்புத் தண்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. இந்த வகைப் பெட்டிகளில் மின்சாரத்துக்கும் உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்துக்கும் இடையே டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. மின்கம்பிகளில் ஒன்று நேராகச் சட்டத்தில் சேர்கிறது. பிளக்கை மாற்றிச் சொருகினால் சட்டம் முழுக்க மின்சாரம். பிளாஸ்டிக் குமிழும் மரக்கூடும் பின்பலகையும்தான் நமக்கும் அதற்கும் நடுவே வேலி. எங்கள் பெட்டியில் அந்தத் தண்டு சட்டத்தோடு சேர்ந்தது. குமிழைத் தொலைத்த கடை ஓர் அழகுப்பொருளைத் தொலைக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பேத்தி அந்தச் சாமான் அறையில்தான் ஒளிந்து விளையாடுவாள். மாஸ்டர் மேசை இழுப்பறையைக் கிளறி, நிறம் பொருந்தாத ஒரு தந்தநிறக் குமிழை எடுத்து, விலை பேசுவதற்கு முன்பே மாட்டினார். அது இன்னும் இருக்கிறது. மற்ற மூன்றும் பழுப்பு.

அவர் வேலை செய்வதைப் பார்க்க அனுமதிப்பார். பேச அனுமதிக்க மாட்டார். மேசையடியில், பெட்டிக்கும் சுவர் மின்சாரத்துக்கும் நேரடித் தொடர்பில்லாமல் பிரித்துவைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, அரிசி மூட்டையைப் போல உட்கார்ந்திருக்கிறது. மின்சாரம் இருக்கும்போது வலக்கை மட்டும் உள்ளே போகும். இடக்கை முதுகுக்குப் பின்னால் வேட்டிக்கரையைப் பிடித்திருக்கும். இரண்டு கையும் உள்ளே போனால் மின்சாரம் ஒரு கையில் ஏறி நெஞ்சு வழியாக மறு கையில் இறங்கும் என்று தவுக்கே கற்றுக்கொடுத்தது. பிக்சர் டியூபுக்குப் போகும் மின்னழுத்தம் ஏறத்தாழ 16,000 வோல்ட். பெட்டியை அணைத்த பிறகும் டியூபின் கண்ணாடி அதைத் தேக்கி வைத்திருக்கும்.

எனக்கு மனம் நிறைந்த இடம் ஒன்று உண்டு. நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் மருந்தகத்தில் மாத்திரை எண்ணிக் கொடுத்தவள். பெயர் எழுதாத பை எதையும் என் மேசையிலிருந்து நகர விட்டதில்லை. மாஸ்டர் கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும், கிளினிக்கில் மாத்திரை போட்டுத் தரும் அதே சிறிய பிளாஸ்டிக் பைகளில் போட்டு வைத்திருந்தார். 'நோயாளி பெயர்' என்று அச்சிட்ட இடத்தில் பாகத்தின் எண். 'காலை, மதியம், இரவு' என்று இருந்த இடத்தில் இருக்கவேண்டிய மதிப்பு, இருந்த மதிப்பு, புதிதாகப் போட்டதன் மதிப்பு. இப்படி முப்பது பைகள், பத்தொன்பது கண்டென்சர், மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் பதினொன்று. முப்பதையும் பெட்டியோடு திருப்பிக் கொடுத்தார். ஒரு பையில் 1 மெகாஓம் என்று எழுதிய ரெசிஸ்டர். அளந்தபோது காட்டியது 1.7. கரியால் ஆன ரெசிஸ்டர்கள் வயதானால் மேல்நோக்கித்தான் போகுமாம். இரத்த அழுத்தத்தைப் போல என்று சொல்ல வாயெடுத்தேன். பேசக் கூடாது என்பது நினைவுக்கு வந்தது. முப்பத்தொன்றாவது பையில் பல்லி முட்டை ஓடுகள் மூன்று. அதற்கும் நாள் போட்டிருந்தார்.

எல்லாவற்றையும் மாற்றித் தள்ளுகிறவர் அல்லர். மெழுகுக் காகிதக் கண்டென்சர்களைச் சோதித்துக்கூடப் பார்க்காமல் வெட்டி எறிந்தார். நம் ஊர் ஈரத்தில் அவற்றில் ஒன்றுகூடத் தேறாது என்றார். ஆனால் அதே வரிசையில் இருந்த, பிலிப்ஸ் தயாரித்த கடுகு நிறக் கண்டென்சர்களைத் தொடவில்லை. ஒன்றொன்றாக அளந்து காட்டினார். எல்லாம் நேற்றுச் செய்தவைபோல இருந்தன. அலுமினியக் குவளைபோல நிற்கும் பெரிய கண்டென்சரை வெளியே எடுத்து, மின்னழுத்தத்தைப் பத்துப் பத்து வோல்ட்டாக ஏற்றி நான்கு நாள் பக்குவப்படுத்திப் பார்த்தார். ஒரு பாதி தேறியது, மறுபாதி சூடேறியது. புதியவற்றைச் சட்டத்துக்கு அடியில் மறைவாகப் பற்றவைத்துவிட்டு, பழைய குவளையை அதன் இடத்திலேயே, இணைப்பு இல்லாமல், நிறுத்திவைத்தார். மேலிருந்து பார்த்தால் 1970-தான்.

வால்வுகள் பதினான்கில் மூன்றுதான் மாறின. அவற்றின் பெயர்கள் மருந்துச் சீட்டு போன்றவை என்பது எனக்குத் தெரியாது. பிசிஎல்85 என்றால், பி என்பது உள்ளே சூடேறும் இழைக்கு 300 மில்லி ஆம்பியர் தேவை என்பதற்கு, சி என்பது உள்ளே மூன்று மின்முனை கொண்ட ஒரு ட்ரையோட் இருப்பதற்கு, எல் என்பது ஐந்து மின்முனை கொண்ட வலுவான பென்டோட் இருப்பதற்கு. பி வரிசை வால்வுகளின் இழைகள் எல்லாம் தீபாவளி விளக்குச் சரம்போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டவை. பிஒய்88-க்கு 30 வோல்ட், பிஎல்500-க்கு 27 வோல்ட் என்று ஒவ்வொன்றும் தன் பங்கை எடுத்துக்கொள்ள, மிச்சத்தைப் பீங்கான் ரெசிஸ்டர் ஒன்று சூடாக்கித் தீர்க்கிறது. ஓர் இழை அறுந்தால் அத்தனையும் இருளும். அந்தக் காலத்தில் பெட்டி 'செத்துப்போனது' என்று வந்தவற்றில் பல, ஒரே ஒரு வால்வை மாற்றியதும் எழுந்து உட்கார்ந்தவை என்றார். எங்கள் பெட்டிக்கு பிஎல்500-க்குப் பதில் பிஎல்504, ஒரு பிஒய்88, ஒரு பிசிஎல்85. கடைசியது ஹங்கேரியின் டுங்ஸ்ராம், அட்டைப்பெட்டி பிரிக்காதது.

அந்த பிசிஎல்85-ஐப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பெட்டியின் கடைசிக் காலத்தில் படத்தின் அடியில் நான்கு விரல் அகலத்துக்குக் கறுப்புப் பட்டை விழுந்திருந்தது. ஆட்கள் எல்லாரும் குட்டைக் காலோடு நடந்தார்கள். அப்பா ஆன்டெனாமீது பழி போட்டு அண்ணனை எத்தனையோ முறை கூரையேற்றினார். காரணம் கூரையில் இல்லை. படத்தை மேலிருந்து கீழாக விரிக்கும் வேலை பிசிஎல்85-உடையது. அதன் பக்கத்தில் இருந்த ஒரு கண்டென்சர் வற்றிப்போயிருந்தது, ஒரு ரெசிஸ்டர் மதிப்பு ஏறிப்போயிருந்தது. இரண்டு பையையும் படம் பிடித்துக் கிள்ளானில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்பினேன். "இதற்காகவா நான் மழையில் ஏறினேன்" என்று பதில் வந்தது.

பயமாக இருந்த இடம் லைன் டிரான்ஸ்ஃபார்மர். 16,000 வோல்ட்டை உண்டாக்குவது அதுதான். அது போயிருந்தால் மாற்றில்லை என்று முதல் நாளே சொல்லி, அப்படியானால் தமக்குக் கூலி வேண்டாம், பெட்டியை எடுத்துக்கொண்டு போங்கள் என்றும் சொல்லியிருந்தார். கழற்றி, மரப்பெட்டிக்குள் 40 வாட் குண்டு பல்போடு மூன்று நாள் வைத்து ஈரத்தை விரட்டினார். பிழைத்தது. இதில் அவர் திறமையைவிட எங்கள் அதிர்ஷ்டம் அதிகம் என்று அவரே சொன்னார், நான் குறித்துக்கொண்டேன்.

பிக்சர் டியூப் களைத்துவிட்டது. இதையும் மூடி மறைக்கவில்லை. இழைக்குக் கூடுதல் மின்னழுத்தம் கொடுத்துச் சில மாதம் பளிச்சென்று காட்டலாம், அப்படிச் செய்து விற்கிறவர்களும் உண்டு, பிறகு ஒரேயடியாகப் போய்விடும் என்றார். வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஆகவே எங்கள் படம் மங்கல்தான். பகலில் திரைச்சீலையை இழுத்துவிட வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது.

நடுவில் ஒருநாள், மருமகனின் நச்சரிப்பு தாங்காமல், உள்ளே எல்இடி போட்டுவிடலாமா என்று நானும் கேட்டுவிட்டேன். அவர் ஈயக் கம்பியைக் கீழே வைத்தார். "அம்மா, அதற்கு நல்ல தச்சர் போதும். நான் சவப்பெட்டி செய்வதில்லை" என்றார். அன்று மேற்கொண்டு வேலை நடக்கவில்லை.

பெட்டி பிழைத்துவிட்டது, சரி, எதைப் பார்ப்பது? பலருக்கு இது தோன்றுவதே இல்லை. 2019 அக்டோபரோடு நாடு முழுக்கப் பழைய அனலாக் ஒளிபரப்பு நின்றுவிட்டது. கூரையில் எத்தனை ஆன்டெனா நட்டாலும் வால்வுப் பெட்டிக்கு இனி வானத்திலிருந்து ஒன்றும் வராது. இலவச டிஜிட்டல் ஒளிபரப்பான மைஃப்ரீவியூவின் பெட்டி தரும் சிக்னலை வாங்கி, பழைய விஎச்எஃப் அலைவரிசைக்கு மாற்றித் தர மாடுலேட்டர் என்ற கருவி வேண்டும். சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் அதற்கு மேலே உள்ள யுஎச்எஃப் அலைவரிசைக்கானவை. எங்கள் பெட்டிக்கு அது காது கேட்காது. மாஸ்டர் பிஸ்கட் டின் ஒன்றுக்குள் தாமே ஒன்றைக் கட்டி, 5-ஆம் அலைவரிசையில், அதாவது 175.25 மெகாஹெர்ட்ஸில், நிறுத்திக் கொடுத்தார். ஆன்டெனா துளைக்குப் பின்னால் மின்சாரம் வெளியே வராமல் தடுக்கும் இரண்டு சிறு கண்டென்சர்களையும் மாற்றினார். டின் மூடியில் ஒரு பாட்டியும் பூனையும் சிரிக்கிறார்கள்.

காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிய ரசீது இது: கூலி 600, கண்டென்சரும் ரெசிஸ்டரும் 95, வால்வுகள் 165, மாடுலேட்டர் 130, வீட்டில் வைத்துக்கொள்ள ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் 150. குமிழுக்குக் காசில்லை. டிரான்ஸ்ஃபார்மர் எதற்கு என்று முதலில் முனகினேன். இரும்புத் தண்டை நினைத்துக்கொண்டு கொடுத்துவிட்டேன். வேன் கூலி இரண்டு நடைக்கு 120 தனி.

இனி குறைகள். எனக்குப் பிடித்துவிட்டது என்பதற்காக விழுங்க மாட்டேன்.

ஆறு வாரம் என்றார், ஆறு மாதம் ஆயிற்று. தைப்பூசத்துக்கு அடுத்த வாரம் கொடுத்த பெட்டி ஆடிப் பூரத்துக்குத்தான் வீடு வந்தது. தொலைபேசியை எடுக்கவே மாட்டார். இரவு பதினொரு மணிக்குக் குரல்பதிவு அனுப்புவார், அதில் பாதி அவர் வீட்டுக் குழம்பு தாளிக்கும் சத்தம். முன்பணம் கேட்கவில்லை என்பது உண்மை. ஆனால் எப்போது முடியும் என்று தெரியாமல் காத்திருப்பதற்கு முன்பணமே தேவலை.

இரண்டாவது, பின்பலகையில் என்னைக் கேட்காமல் துளை போட்டுவிட்டார். ஃபியூஸை வெளியிலிருந்தே மாற்றலாம் என்று ஃபியூஸ் கூடு ஒன்றைப் பொருத்தியிருக்கிறார். வசதிதான், பாதுகாப்புத்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த இடத்தில் அப்பா தம் கையெழுத்தில் டிவி லைசென்ஸ் எண்ணைச் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார். துளை சரியாக நடு எண்ணில் விழுந்திருக்கிறது. சொன்னபோது அவர் உண்மையாகவே வருந்தினார். வருத்தத்தால் பலகை வளராது. நீங்கள் கொடுக்கும்போது, எதைத் தொடக் கூடாது என்று முதலிலேயே ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

மூன்றாவதைக் குறை என்று சொல்ல முடியாது. மரவேலை செய்ய மாட்டார். தேக்குத் தோல் மூலையில் பிரிந்தது பிரிந்தபடியே இருக்கிறது. கூடத்தில் பளபளவென்று நிறுத்திவைத்து விருந்தாளிக்குக் காட்ட வேண்டும் என்றால் இவரிடம் போகாதீர்கள். அவசரக்காரர்களும் போகாதீர்கள். திருமணத்துக்கு, புதுமனை புகுவிழாவுக்கு என்று நாள் குறித்துக்கொண்டு போகிறவர்கள் மனம் நொந்து திரும்புவார்கள்.

வாங்கப் போன நாளன்று பேத்தியும் கூட வந்தாள். ஒன்பது வயது. மாஸ்டர், மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் கருவியின் வட்டக் குமிழை 60 வோல்ட்டில் வைத்தார், பிறகு 110, பிறகு 180. பின்பலகை திறந்திருந்தது. இழைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செம்மை கொண்டன. ஓர் ஓரத்தில் டிஒய்87 மட்டும் இருட்டாகவே நின்றது. அதற்குச் சரத்தில் பங்கில்லை. லைன் டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றிய ஒற்றைக் கம்பியிலிருந்துதான் அதற்குத் தீனி. அது எரிந்தால் டிரான்ஸ்ஃபார்மர் வேலை செய்கிறது என்று பொருள். 240 வந்தது. சூடான தூசியும் மெழுகும் கலந்த வாசனை எழுந்தது. அந்த வாசனைக்கு நான் தயாராக இருக்கவில்லை. ஜெலுத்தோங் கூடம் அப்படியே வந்து மூக்கில் உட்கார்ந்தது. முதலில் உறுமல், பிறகு ஒரு ஆணின் குரல், மலாய். திரை இன்னும் இருட்டு.

"விசில் வருகிறதா?" என்று மாஸ்டர் என்னைக் கேட்டார். லைன் பகுதி ஓடத் தொடங்கினால் 15,625 ஹெர்ட்ஸில் மெல்லிய கீச்சொலி வரும். சிறுவயதில் பக்கத்து வீட்டு டிவி ஓடுவதைக்கூட நான் அதை வைத்துச் சொல்வேன். இப்போது ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கும் கேட்காது, பதினைந்து ஆண்டுகளாகக் கேட்கவில்லை. நாங்கள் இருவரும் காதை நீட்டிக்கொண்டு நின்றபோது பேத்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "பாட்டி, இது ஏன் இப்படிக் கத்துகிறது?" என்றாள். மாஸ்டர் குனிந்து டிஒய்87-ஐப் பார்த்தார். சிறு பொட்டாக எரிந்துகொண்டிருந்தது. திரை நடுவிலிருந்து வெளிச்சம் விரிந்தது. கீழே கறுப்புப் பட்டை இல்லை.

வீட்டில் இப்போது டிவி2-இல் தமிழ்ச் செய்தி மட்டும் அதில்தான். அடியில் ஓடும் எழுத்துகளின் முதலும் கடைசியும் திரையின் வளைந்த மூலைகளில் தின்னப்பட்டுவிடுகின்றன. பந்தாட்டம் பார்க்கவே முடியாது. சிவப்பணியும் நீலவணியும் ஒரே சாம்பல். முடிந்ததும் அணைத்துவிட்டுப் புள்ளிக்காகக் காத்திருக்கிறோம். மருமகனும் காத்திருக்கிறார்.

போன புதன்கிழமை இரவு பதினொரு மணிக்குக் குரல்பதிவு ஒன்று வந்தது. வேறு யாருடைய பெட்டியோ மேசையில் திறந்து கிடக்கிறதாம். கருவி வைத்துப் பார்க்கலாம்தான், காது சீக்கிரமாம். ஞாயிற்றுக்கிழமை பேத்தியை ஒரு பத்து நிமிடம் கூட்டிவர முடியுமா என்று கேட்டிருந்தார். கூலி ஓர் ஐஸ் கச்சாங் என்று பேசி முடித்திருக்கிறேன்.